சொந்த சர்வரா, மேனேஜ்டு ஹோஸ்டிங்கா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வெப்சைட் தொடங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து நாமே பார்த்துக்கொள்ளலாமா, இல்லை சர்வர் பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் மேனேஜ்டு ஹோஸ்டிங்கில் விட்டுவிடலாமா? கேள்வியில் தப்பில்லை. அதற்கு அடுத்து அவர்கள் செய்கிற காரியங்கள்தான், நானும் ஒரு காலத்தில் செய்தவை என்பதால், பார்க்கப் பொறுக்கவில்லை. பாஸ்வேர்டை வலுவாக வையுங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது

விபிஎஸ் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அந்தத் தொகையில் உங்கள் உழைப்பு சேரவில்லை. சர்வர் தன் நடப்புகளைப் பதிகிற லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்க் நிரம்பினால், சைட்டின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் எழுத இடமில்லாமல் நின்றுவிடும். நள்ளிரவில் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுளும் உங்கள் தலையில்தான். 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டவர்களுக்கு, அது 2021 டிசம்பரோடு முடிகிறது என்ற அறிவிப்பு ஒரே வருடம் முன்னால்தான் வந்தது.

மேனேஜ்டு பக்கம் வேறு விதம். 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கும். எத்தனை ஃபைல்கள், எவ்வளவு சிபியு என்ற வரம்பு விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

மெயில் சர்வரையும் நாமே நடத்துவது

வேண்டாம்.

டொமைனை ஹோஸ்டிங்கோடு சேர்த்து வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஹோஸ்டிங் வாங்கும்போது 'முதல் வருடம் டொமைன் இலவசம்' என்று ஒரு கட்டம் வரும். யோசிக்காமல் டிக் செய்வார்கள். அந்த நொடியிலிருந்து டொமைன் என்கிற சைட்டின் பெயர், டிஎன்எஸ் (பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவுகள்), மெயில், ஃபைல்கள் நான்கும் ஒரே அக்கவுண்ட்டில், ஒரே கார்டின் தயவில்.

ஒரு சிறிய அறக்கட்டளையில் நடந்தது இது. சைட்டை வடிவமைத்துக் கொடுத்தவர் டொமைனைத் தன் அக்கவுண்ட்டிலேயே வாங்கியிருந்தார். தொடர்பு முகவரியாகக் கொடுத்தது அதே டொமைனில் இருந்த ஒரு மெயில். ஹோஸ்டிங்குக்குச் சில வருடப் பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. டொமைனுக்கு இலவசமாகக் கிடைத்த அந்த ஒரு வருடம்தான். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) நினைவூட்ட வேண்டும், புதுப்பிக்காவிட்டால் காலாவதியான 5 நாளுக்குள் இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. முதல் இரண்டும் யாரும் திறக்காத இன்பாக்ஸில் விழுந்தன. பெயர் காலாவதியானதும் மெயிலும் நின்றுபோனதால் மூன்றாவது வந்து சேர வழியே இல்லை. பாஸ்வேர்டு ரீசெட் லிங்க்கும் அதே செத்த முகவரிக்குத்தான் போகும். இத்தனைக்கும் சர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது!

என்னிடம் வந்தபோது பெயர் ரிடெம்ப்ஷன் கட்டத்தில் (நீக்கிய பெயரை மீட்கத் தரும் அவகாசம்) இருந்தது. அந்த 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டினால் மீட்கலாம். தவறினால் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பழைய வடிவமைப்பாளரைத் தேடிப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி மீட்டார்கள்.

விபிஎஸ்ஸா மேனேஜ்டா என்று கூட்டம் போட்டு விவாதித்தவர்கள் இவர்கள். அது எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு: பெயர் உங்கள் கையில் இருந்தால், சைட்டை நகலெடுத்து பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஏ ரெக்கார்டைப் புது சர்வருக்குத் திருப்பிவிட்டால் முடிந்தது. பெயர் யார் கையில் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

டொமைனைத் தனி ரெஜிஸ்ட்ராரிடம், உங்கள் அமைப்பின் பெயரிலேயே வாங்குங்கள். தொடர்பு மெயில் வேறு டொமைனில் இருக்கட்டும். அக்கவுண்ட்டுக்குள் போக இரண்டு பேருக்காவது வழி வேண்டும். டாட் காமை 10 வருடம் வரை ஒரே தடவையில் பதியலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

பேக்கப் இருக்கிறது என்ற நிம்மதி

எங்கே இருக்கிறது? 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டுமே போயின. மேனேஜ்டு என்றாலும் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். அதை ஒரு தடவையாவது வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

'பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்'

மாறலாம், வெளியே எடுக்க விட்டால். வேர்ட்பிரஸ் என்றால் ஃபைல்களும் டேட்டாபேஸ் டம்ப்பும் (அதன் முழு நகல்) போதும். சில சைட் பில்டர்களில் எழுத்தும் படமும் வரும், டிசைன் வராது. பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். மாறுகிற நாளுக்கு முந்தைய நாளே டிடிஎல்லை (பழைய டிஎன்எஸ் பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். பழைய சர்வரைச் சில நாள் அணைக்காமல் விட்டுவையுங்கள்.