ஒரே 'குறை'யை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதும்போது

திங்கள்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடப்பது குறைதீர்க்கும் கூட்டம். இரத்தப் பரிசோதனையில் வருவது இரும்புச்சத்துக் குறைபாடு. ஐப்பசியில் மேகம் ஏமாற்றினால் மழை குறைவு. கோடையில் தண்ணீர்ப் பற்றாக்குறை. எல்லாவற்றுக்கும் 'குறை' என்ற ஒரே வேர் நமக்குப் போதும். ஆங்கிலத்தில் இந்த நான்கு இடத்திலும் நான்கு வேறு சொற்கள் வரும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு பள்ளிக்குக் கடிதம் எழுதினார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர்கள் போதவில்லை, இன்னும் இரண்டு பேரை நியமிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கடிதத்தில் 'இன்அடிக்வட் டீச்சர்ஸ்' என்று இருந்தது. அதைப் படித்துப் பார்த்த ஆசிரியர்கள் மனம் நொந்துபோனார்கள். எண்ணிக்கை பற்றாது என்று சொல்ல நினைத்தது, இருக்கிற ஆசிரியர்களுக்குத் திறமை பற்றாது என்று போய்ச் சேர்ந்துவிட்டது. கடிதம் அனுப்பும் முன் நான் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

இன்அடிக்வட் என்ற சொல், ஒரு பொருள் தன் வேலைக்கு ஈடுகொடுக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டு மணி நேர மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் அது இன்அடிக்வட் டிரைனேஜ். வாய்க்கால் இருக்கிறது, வருகிற தண்ணீரைத் தாங்க அதனால் முடியவில்லை. இன்சஃபிஷியன்ட் பெரும்பாலும் அளவைப் பார்க்கும். காசோலை திரும்பி வரும்போது வங்கி எழுதும் காரணம் 'இன்சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ்': பத்தாயிரம் வேண்டும், கணக்கில் ஏழாயிரம்தான் இருக்கிறது. இரண்டு சொல்லும் ஒன்றின் இடத்தில் ஒன்று வருவதும் உண்டு. ஆனால் மனிதர்களைப் பற்றி எழுதும்போது இன்அடிக்வட் என்பதைத் தொடாதீர்கள். 'ஷார்ட்டேஜ் ஆஃப் டீச்சர்ஸ்' என்றோ, 'நாட் எனஃப் டீச்சர்ஸ்' என்றோ எழுதினால் யார் மனமும் புண்படாது. 'நாட் எனஃப்' சின்னப் பிள்ளைகளின் ஆங்கிலம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த சொல்.

டிஃபிஷியன்ட் என்றால், இருக்க வேண்டிய அளவு இவ்வளவு என்று ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கும். அதற்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். வானிலைத் துறை நல்ல எடுத்துக்காட்டு. இயல்பான மழையைவிட 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால்தான் அத்துறையின் கணக்கில் 'டிஃபிஷியன்ட்'. 19 சதவீதம் வரை குறைந்தாலும் அது 'நார்மல்' தான். ஆக, ஒப்பிட ஓர் அளவுகோல் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

இதோடு டிஃபெக்டிவ் என்பதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. பொருளின் தரத்திலோ அளவிலோ தூய்மையிலோ பிழை இருந்தால் அது 'டிஃபெக்ட்'. சேவையைச் செய்த விதத்தில் பிழை இருந்தால் 'டிஃபிஷியன்சி'. வாங்கிய மூன்றாம் நாளே குளிர்சாதனப் பெட்டி குளிரவில்லையா? டிஃபெக்ட். பழுது பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லி இரண்டு மாதம் இழுத்தடித்தார்களா? டிஃபிஷியன்சி இன் சர்வீஸ். இரண்டும் நடந்திருந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். 'டிஃபெக்டிவ் சர்வீஸ்' என்று ஒரே வரியில் கலந்து எழுதினால், பொருள் மீது புகாரா, ஆள் மீது புகாரா என்று படிப்பவர் தடுமாறுவார்.

ஸ்கேர்ஸ், ரேர் இரண்டுக்கும் கடலூர்த் துறைமுகமே பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரம் ஸ்கேர்ஸ்: எல்லோரும் கேட்கிறார்கள், கிடைப்பதில்லை. எப்போதாவது வலையில் சிக்கும் பெயர் தெரியாத மீன் ரேர். அதை யாரும் தேடுவதில்லை, அதனால் அதை ஸ்கேர்ஸ் என்று சொல்ல முடியாது.

லேக் (ஏரி அல்ல, இல்லாமை என்ற பொருளில் வருவது) என்ற சொல்லில் இலக்கணப் பிழைதான் அதிகம். 'லேக் ஆஃப் வாட்டர்' சரி, அங்கே அது பெயர்ச்சொல். வினையாக வரும்போது 'ஆஃப்' கூடாது: 'தி வில்லேஜ் லேக்ஸ் வாட்டர்'. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த மாணவர்களுக்கு இது இன்னும் கடினம். பிரெஞ்சில் இந்தப் பொருளில் 'மாங்க்கே' என்ற வினையோடு 'து' சேர்ந்தே வரும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் 'லேக்ஸ் ஆஃப்' என்று கையில் வந்துவிடுகிறது.

மீடியோக்கர் என்பது மீடியம் போல ஒலிப்பதால் சுமாரான, நடுத்தரமான என்று நினைத்துக்கொள்கிறார்கள். சொந்த மகனைப் பற்றி 'மீடியோக்கர் ஸ்டூடன்ட்' என்று விண்ணப்பத்தில் எழுதிய அப்பாவைப் பார்த்திருக்கிறேன். அது வசவுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். 'ஆவரேஜ்' போதும்.

அப்புறம் ஃபியூ. முன்னால் ஒரு சிறிய 'எ' இருக்கிறதா இல்லையா என்பதில் பொருளே புரண்டுவிடும். நம் மொழியில் இதற்கு இணையாக ஏதும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. 'சிலர் வந்தார்கள்' என்றால் 'எ ஃபியூ'. 'சிலரே வந்தார்கள்' என்றால் 'எ' இல்லாத ஃபியூ. வர வேண்டிய பலர் வரவில்லை என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. லிட்டில் என்பதற்கும் இதே கணக்கு: 'கொஞ்சம் பணம் இருக்கிறது', 'கொஞ்சமே இருக்கிறது'. வகுப்பில் இலக்கணப் பெயர்களைச் சொல்லிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் இந்த வழியைப் பிடித்தேன். பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பிடிபட்டது.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. கூரை இழந்த ஒரு குடும்பத்துப் பெண் பின்னாளில் என் வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். நன்றியோடு அவள் எழுதிய வரி: 'ஃபியூ நெய்பர்ஸ் ஹெல்ப்ட் அஸ்'. இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டேன். 'பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் உதவினார்கள்' என்றாள். 'சிலரா, சிலரேவா?' என்றேன். சற்று யோசித்துவிட்டு, பேனாவை எடுத்து முன்னால் ஓர் 'எ' போட்டாள்.