கீரிப்பாறைப் பக்கம் நாலு நாள் யோகா: ரெண்டு பேராகப் போகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் 'காட்டுக்குள்ளே யோகா முகாம்' என்று விளம்பரம் கண்ணில் பட்டால், ஆசிரியர் யார் என்று கேட்பதற்கு முன்னால் அந்தக் காடு யாருடையது என்று கேளுங்கள். மலையடிவாரத்தில் பச்சையாகத் தெரிவதில் நிறைய இடம் ரப்பர்த் தோட்டம். அதற்கு மேலே கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. சுமார் 402 சதுர கிலோமீட்டர், யானையும் புலியும் நடமாடும் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் கால் வைப்பது குற்றம். 'கைடு கூட்டிட்டுப் போனார்' என்று சொன்னாலும் அபராதம் உங்களுக்கும்தான். ஆகவே நல்ல முகாம் என்பது காட்டின் ஓரத்தில், பட்டா நிலத்தில் இருக்கும். 'பட்டா நிலமா?' என்று ஒரே வார்த்தையில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் இன்னும் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? பதினைந்தைத் தாண்டினால் யாரும் உங்கள் முதுகைத் திருத்தப் போவதில்லை. குடிதண்ணீர் கிணறா, ஓடையா, கொதிக்க வைக்கிறார்களா? பயிற்சி நடக்கும் இடத்துக்குக் கூரை உண்டா? மழையில் ரோடு அடைபட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்றித் தருவார்களா? கூட வருகிறவர் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், அவர் அங்கே தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்வார்களா (சி படிவம் என்பார்கள்)? கடைசிக் கேள்விக்கு முழித்தால், அந்த இடம் முறையாகப் பதிவானதுதானா என்றே சந்தேகப்படலாம்.

காடு முக்கியமில்லை, பாடம்தான் முக்கியம் என்றால் மலைப்பக்கமே போக வேண்டாம். கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரம் யோகப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. 1972-ல் தொடங்கிய அமைப்பு. அங்கே அட்டைக்கடியும் கிடையாது.

எங்கே இறங்குவது

பலரும் தப்பு பண்ணுவது இதில்தான். கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர், மாறாமலைப் பக்கம் என்றால் நாகர்கோவிலில் இறங்கி வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, சிற்றாறு பக்கம் என்றால் குழித்துறையில் இறங்கி மார்த்தாண்டத்திலிருந்து பஸ் பிடிப்பது கிட்ட. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குக் குழித்துறைதான் முதலில் வரும். அதைத் தாண்டி நாகர்கோவில் போய், மறுபடி மேற்கே திரும்புவது வீண் அலைச்சல். மலைப்பக்க பஸ்கள் குறைவு. சாயங்காலம் நாலு மணிக்குள் முகாமுக்குப் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது, ஏடிஎம் எல்லாம் கீழே டவுனோடு சரி.

மாதமும் ஈரமும்

இந்த மாவட்டத்துக்கு மழை ரெண்டு தடவை. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. ஏப்ரல், மே மதியங்களில் இடியோடு கோடை மழையும் உண்டு. மிச்சம் இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அதுதான் நல்ல காலம். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது: ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். விளம்பரப் படத்தில் பார்த்த பச்சைக் குடை இருக்காது, தலைக்கு நேராக வெயில் இறங்கும், காய்ந்த சருகு தீப்பிடிக்கும். ஊதுபத்தியைக்கூட வெளியே கொளுத்தாதீர்கள். புதுத் தளிர் வரும்போது தேன் பருவம் தொடங்கும். மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு இந்த ரப்பர்த் தளிரிலிருந்து வருவதுதான். தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருந்தால் பத்து, பதினைந்து அடி தள்ளியாவது விரிப்பைப் போடுங்கள். செண்ட், வாசனை எண்ணெய் பூசிக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

குளிருக்கு ஸ்வெட்டர் தூக்கி வருபவர்கள் உண்டு. அடிவாரம் ஊட்டி இல்லை; உயரம் குறைவு, காற்றில் ஈரம் அதிகம். தொல்லை தருவது அந்த ஈரம்தான். பருத்தித் துணி மழைக்காலத்தில் ரெண்டு நாளானாலும் காயாது. எனவே நாலு நாளுக்கு ஆளுக்கு நாலு செட், அதில் குறைந்தது ரெண்டு செட் சீக்கிரம் உலரும் துணியாக இருக்க வேண்டும். பூத்துவாலையை விட்டுவிட்டு மெல்லிய தோர்த்து ரெண்டு எடுங்கள். ஐந்து மீட்டர் நைலான் கயிறு, பத்து கிளிப். கால் விரலிடுக்கை ராத்திரி துடைத்து உலரவிட்டுப் படுக்காவிட்டால் மூன்றாம் நாள் சேற்றுப்புண் வரும், அப்புறம் நின்று செய்யும் ஆசனம் எதுவும் நடக்காது.

யோகா மேட் பற்றி ஒரு வார்த்தை. வழவழப்பான பிவிசி மேட் ஈரக்காற்றில் வேர்த்துப்போய் வழுக்கும். கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் கை முன்னால் சறுக்கி மணிக்கட்டு சுளுக்குவது பெரும்பாலும் இதனால்தான். அதன் மேல் ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போட்டால் போதும். ரப்பர் மேட்டை வெயிலில் காயப்போடக் கூடாது, வெடித்துப்போகும். ராத்திரி எந்த மேட்டையும் தரையில் விரித்தபடி விடாதீர்கள். சுருட்டிக் கொடியில் தொங்கவிடுங்கள், காலையில் உதறி விரியுங்கள்.

ஜனவரியில் இங்கே சூரியன் எழும்ப 6.40 ஆகும். ஐந்தரைக்கு வகுப்பு என்றால் கும்மிருட்டு. ஆளுக்கு ஒரு டார்ச் வேண்டும், போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். அந்த நேரத்தில் தோட்டத்தில் வெளிச்சம் அங்குமிங்கும் அசைவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ரப்பர் வெட்டுகிறவர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால் விடிவதற்கு முன்பே வெட்டுகிறார்கள். வழி விடுங்கள், படம் எடுக்காதீர்கள். இன்னொன்று: பால் சேர்க்கும் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் தேங்கி, பகலில் கடிக்கும் டெங்குக் கொசு பெருகும். மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனத்துக்கு முன் கணுக்கால் மறையும்படி ஒரு துணி போர்த்திக்கொள்ளுங்கள்.

ரெண்டு பேர் என்பதால் வரும் சிக்கல்

தனியாகப் போகிறவருக்கு முகாம் மட்டும் பிடித்தால் போதும். சேர்ந்து போகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று விஷயத்தை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும்.

முதலாவது, எதற்காகப் போகிறோம். ஒருவர் ஆசனம் கற்க வருகிறார், மற்றவர் தூங்க வருகிறார் என்றால் ரெண்டும் நியாயம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: யாரும் எந்த வகுப்பையும் காரணம் சொல்லாமல் விடலாம், 'ஏன் வரல?' என்று மற்றவர் கேட்கக் கூடாது. ஆசிரியரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஆளைக் காணோம் என்று தேடப் போவார்கள்.

ரெண்டாவது, அறை. ஒரே பெரிய கட்டிலா, ரெண்டு தனிக்கட்டிலா என்று முன்பே கேட்டு, தனிக்கட்டிலாக வாங்குங்கள். குறட்டை விடுகிறவர் அதை ஒத்துக்கொள்ள வேண்டிய நேரம் இது. சாவி ஒன்றுதான் தருவார்கள். எங்கே வைப்பது என்று ஒரு இடம் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மௌனம். பல முகாம்களில் ராத்திரி ஒன்பதிலிருந்து காலைச் சாப்பாடு வரை பேச்சு கிடையாது. சேர்ந்து வருகிறவர்கள்தான் அதை அதிகம் உடைக்கிறார்கள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் அறையில் கிடக்கட்டும். ஜெல் பேனா ஈரத்தில் கலங்கும். அவசரம் என்றால் எழுதுங்கள்.

வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காராதீர்கள். பக்கத்தில் தெரிந்த ஆள் இருந்தால் கண் தானாகத் திரும்பும். உடம்பை முறுக்கிய நிலையில் கழுத்தைத் தனியாகத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசம் போட்டி. கூட வந்தவர் பச்சிமோத்தானாசனத்தில் முன்னால் குனிந்து கால் பெருவிரலைத் தொட்டுவிட்டார் என்று நீங்களும் எட்டிப் பிடித்தால், தொடையின் பின்னால் தசை இழுத்து மிச்ச நாளெல்லாம் நொண்டுவீர்கள். வெவ்வேறு வரிசை, முடிந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

உடம்பு விவரத்தை ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்களுக்குச் சிரசாசனம் ஆகாது. குடலிறக்கம், டிஸ்க் விலகல், கர்ப்பம், மாதவிடாய் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூட வந்தவர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதுதான் இங்கே நடக்கும் தப்பு.

காப்பி, சாயா குடிக்கிறவர்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு கிளாஸாகக் குறைத்து வாருங்கள். முகாமில் சுக்குக்காப்பிதான் கிடைக்கும். திடீரென்று நிறுத்தினால் ரெண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்றாம் நாள் உடம்பு வலியும் சேரும். புதுப் பயிற்சிக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தசைவலி உச்சத்துக்கு வருவது இயல்பு. வலி, பசி, காப்பி இல்லாத எரிச்சல் மூன்றும் கூடும் அந்த மதியம்தான் சண்டை வரும். அன்று சாப்பிட்டதும் ஆளுக்கொரு திசையில் ரெண்டு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடும் மூக்குத் தண்ணீரும்

முழுச்சாப்பாட்டுக்கும் ஆசனத்துக்கும் நடுவில் நாலு மணி நேரம், சிற்றுண்டி என்றால் ரெண்டு மணி நேரம். கஞ்சியும் பயறும் இந்த வேலைக்கு ஏற்றவை. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) ருசிதான், ஆனால் வயிற்றில் கல்லாகக் கிடக்கும், மதிய வகுப்பு இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பசி தாங்காதவர் பையில் நாலு மட்டி வாழைப்பழம் வைத்திருக்கலாம். கதலியைவிட மெல்லிய பழம், சீக்கிரம் இறங்கும். அறையில் திறந்து வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

ஜல நேதி, அதாவது உப்புத் தண்ணீரை மூக்கு வழியே விட்டுக் கழுவுவது, சொல்லிக்கொடுத்தால் தண்ணீரை நீங்களே பாருங்கள். கொதித்து ஆறி, கைக்கு இளஞ்சூடாகத் தெரியும் தண்ணீர் அரை லிட்டர், அதில் உப்பு தலைதட்டிய முக்கால் தேக்கரண்டி, ஏறக்குறைய நாலரை கிராம். உப்பு குறைந்தாலும் கூடினாலும் மூக்கு எரியும். ஓடைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் அப்படியே கூடாது. மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபா பக்கத்துக் கேரளத்தில் 2024-லும் 2025-லும் உயிர்களை எடுத்தது. தேங்கிய குளத்தில் முங்கிக் குளிப்பதையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். நேதி முடிந்து மூச்சை வெளியே தள்ளும்போது ரெண்டு நாசியும் திறந்திருக்கட்டும். ஒன்றை அடைத்து ஊதினால் தண்ணீர் காதுக்குப் போகும். நேதிக் குவளை ஆளுக்கொன்று, பகிர வேண்டாம். உப்புத் தண்ணீர் லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவும் சங்கப் பிரட்சாளனத்தை நாலு நாள் முகாமில் செய்யச் சொன்னால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.

அட்டை, பாம்பு

அட்டைக்கு: நீளமான சாக்ஸ், அதன் மேல் காய்ந்த சோப்புக்கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள், அல்லது உப்புப் பொடி. கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், தீக்குச்சியும் வேண்டாம். சுட்டால் அது வயிற்றிலிருப்பதைக் காயத்திலேயே கக்கும். நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பிவிட்டாலே விட்டுவிடும். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வழியும், அட்டையின் எச்சில் அப்படி. சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

தரையில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் ராத்திரி வந்து தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், வலி அவ்வளவாகத் தெரியாது. கட்டில், அதன் மேல் கொசுவலை, வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் இல்லை. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அறையில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறது என்று முதல் நாளே ரெண்டு பேரும் தேடி வைத்துக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான்.

இடைவெளி நாளில்

திற்பரப்பு அருவிக்கு ஞாயிறு தவிர்த்துப் போங்கள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தால் கோதையாற்றில் வெள்ளம் ஏறி, அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள், கிளம்புமுன் விசாரியுங்கள். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கலங்கலாக மாறினால் மேலே மழை என்று அர்த்தம், உடனே கரையேறுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், மேலே நடக்கலாம், தலைசுற்றல் உள்ளவர் கீழே நின்று பார்த்தால் போதும். தியானத்துக்கென்று ஒரு மலை வேண்டுமானால் மருந்துவாழ்மலை. நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகை அங்கேதான். வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிடுங்கள், கையில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் குரங்கு பறிக்கும். சரணாலயத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்றால் வனத்துறையின் டிரெக் தமிழ்நாடு இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

ஊருக்குத் திரும்பி ரெண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புதரில் இருக்கும் மைட் என்ற நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பு வடு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரிடம் 'மலையடிவாரத்தில் தங்கியிருந்தேன்' என்று சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தப் பக்கம் யோசிப்பார்; தெரிந்துவிட்டால் மாத்திரையிலேயே குணமாகும். அப்படியே கூட வந்தவருக்கும் ஒரு போன் போட்டு, அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.