கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விலங்கு உங்களைத் தேடி வந்தால்

உயிரியல் பூங்காவிற்கு அடிக்கடி செல்வோருக்கு, கூட்டத்தில் தம்மை மட்டும் தேர்ந்து ஒரு விலங்கு நெருங்கி வரும் அனுபவம் என்றாவது வாய்க்கும். அப்போது அசையாமல் நின்று, குரலைத் தாழ்த்தி, கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

புலி மூக்கின் வழியே விட்டுவிட்டுச் செருமுவது போன்ற மெல்லிய ஒலியை எழுப்பினால், அது பகையற்ற வரவேற்பு. மனிதக் குரங்குகளிடம்தான் நாம் பெரிதும் தவறிழைக்கிறோம். சிம்பன்சி பல்லைக் காட்டுவது பெரும்பாலும் அச்சத்தின் அடையாளமே தவிர சிரிப்பன்று. கொரில்லாவின் கண்களை உற்று நோக்குவதோ அதற்கு அறைகூவலாகப் படலாம். 2007 மே மாதத்தில் ராட்டர்டாம் பூங்காவில் போகிட்டோ என்னும் ஆண் கொரில்லா அகழியைத் தாண்டி வந்து தாக்கியது, தன்னை அடிக்கடி காண வந்து, கண்ணோடு கண் பார்த்துப் புன்னகைத்துப் பழகிய ஒரு பெண்ணைத்தான். ஆகவே தலையைச் சற்றுத் தாழ்த்தி, பக்கவாட்டில் திரும்பி நின்று, பார்வையை அவ்வப்போது விலக்குங்கள்.

கண்ணாடியைத் தட்டுவதும் தின்பண்டம் நீட்டுவதும் வேண்டா. (சளி பிடித்திருக்கும் நாளில் மனிதக் குரங்குகளின் பக்கமே செல்லாதிருங்கள்; நம் சுவாச நோய்கள் அவற்றையும் தொற்றும்.) விலங்கு விலகிச் சென்றதும், நேரத்தையும் அது செய்தவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்களை விரும்பியது என்ற முடிவை மட்டும் எழுதாதீர்கள். பராமரிப்பாளரிடம் கேட்டால், உங்கள் சட்டையின் நிறமோ பையின் பளபளப்போதான் அதை ஈர்த்தது என்று தெரியவரலாம்.