ஆடாதொடையில் விழுந்த இலைப்புள்ளி: என் அனுபவம்

எங்கள் கொல்லை வேலியோரம் ஆடாதொடை தானாக முளைத்துப் புதராக நிற்கிறது. ஆடு வாய் வைக்காது, பூச்சியும் அவ்வளவாக அண்டாது. அதற்கு நோய் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. போன ஐப்பசி அடைமழையில் அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் மஞ்சள் வளையம். விரல் பட்டதும் நடுப்பகுதி பொடிந்து ஓட்டையானது. பூஞ்சைதான்.

கடையில் ரசாயன மருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வாங்க மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சளி கட்டினால் இந்த இலையில்தானே கஷாயம் வைக்கிறோம்!

முதலில் புள்ளி விழுந்த இலைகளையும் கீழே கிடந்த சருகையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எரித்தேன். இதில் சோம்பல் படவே கூடாது. பூஞ்சை வித்துகள் அந்தச் சருகில் தங்கி, மழைத்துளி தெறிக்கும்போது மறுபடி மேலே ஏறும். பிறகு நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் விட்டேன். மழையில்லாத நாளில் காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர். பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியை லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்து வடிகட்டி, 10 நாளுக்கு ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்தேன். மொத்தம் மூன்று முறை.

பழைய புள்ளி மறையாது. தளிரைத்தான் பார்க்க வேண்டும். மார்கழியில் வந்த தளிரில் ஒரு புள்ளிகூட இல்லை. பொங்கல் கழித்துத்தான் கஷாயத்துக்கு இலை பறித்தேன்.