பழ ஈக்குப் போதை பழகுவது எப்படி? வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை

குடிக்கப் பழகியவருக்கு அளவு ஏறிக்கொண்டே போவது ஏன்? இதற்கு விடை தேட விஞ்ஞானிகள் நம்பியது, வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈயைத்தான்.

முதலில் ஈ பிடிக்க வேண்டும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய பூவன் பழத்தைக் கருக்கவிட்டு, பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகுங்கள். போதுமான ஈக்கள் சேர்ந்ததும் கூம்பை எடுத்துவிட்டு, காலி பாட்டிலை மேலே கவிழ்த்துப் பிடியுங்கள். ஈயின் இயல்பு மேலே ஏறுவது, தானாக வந்துவிடும். பத்துப் பத்தாக இரண்டு பாட்டில்களில் பிரித்து, பஞ்சால் அடையுங்கள்.

அடுத்து, லேபிளில் எத்தனால் (மதுவில் இருக்கும் அதே ஆல்கஹால்) என்று போட்ட சானிடைசர் திரவம். ஐசோபுரொப்பைல் வேண்டாம், அது வேறு பொருள். சம அளவு தண்ணீர் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் 1 மில்லி எடுத்து, முதல் பாட்டிலின் பஞ்சில் உள்பக்கமாக விடுங்கள். இரண்டாவதற்கு வெறும் தண்ணீர். அடுப்புப் பக்கம் போகாதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

முதலில் ஈக்கள் பரபரவென்று ஓடும், பிறகு தள்ளாடும், கடைசியில் மல்லாந்துவிடும். அடிக்கடி பாட்டிலை மெல்லத் தட்டி, ஏற முடியாதவற்றை எண்ணுங்கள். பாதி விழுந்த நேரத்தைக் குறித்ததும் பஞ்சை எடுத்து, எல்லா ஈக்களையும் பழத்துண்டு போட்ட புது பாட்டில்களுக்கு மாற்றுங்கள்.

நான்கு மணி நேரம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் எத்தனால் கொடுங்கள். இந்த ஒப்பீடுதான் சோதனையின் உயிர். ஏற்கெனவே போதை கண்ட கூட்டம் விழ அதிக நேரம் எடுக்க வேண்டும். ஒரே ஒரு முறைதான் கண்டது, அதற்குள் பழகிவிட்டது. குடியை விட முடியாதவரை 'மனசில்லை' என்று திட்டும்போதெல்லாம் எனக்கு இந்த பாட்டில்தான் நினைவுக்கு வரும்.

இந்தப் பழக்கத்துக்கு ஈயின் மூளையில் ஆக்டோபமைன் என்ற ரசாயனம் தேவை. 2005-இல் நரம்பியல் விஞ்ஞானி உல்ரிகே ஹீபர்லைன் குழுவினர் 'ஹேங்கோவர்' என்ற மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். அது பழுதான ஈ சரியாகப் பழகுவதில்லை. 1998-இல் கண்ட 'சீப்டேட்' என்ற வகை ஈயோ சீக்கிரமே விழுந்துவிடும். அதில் பழுதானது, நினைவாற்றலுக்கும் தேவையான ஒரு மரபணு.

ஹேங்கோவர் மரபணுவுக்கு வெப்பத்தோடும் தொடர்பு உண்டு. முன்கூட்டியே சூடு கண்ட ஈ, மதுவையும் கூடுதலாகத் தாங்குகிறது. சித்திரையில் 40 டிகிரி கண்ட வேலூர் ஈயைச் சோதித்தால், பழக்கியது வெயிலா எத்தனாலா என்று பிரிக்க முடியாது. மார்கழிக் காலையில் செய்யுங்கள்.