உடல் நாற்றத்துக்கு வயிற்றைக் கழுவ வேண்டாம்

"வயிறு சுத்தமாக இல்லை, அதனால்தான் உடம்பு நாறுகிறது" என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, அதுவும் போதாதென்றால் குடலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கப்படும் ஏதோ ஒரு பொடி. நாள் முழுக்கக் கழிப்பறைக்கு நடந்து களைத்துப் போன பிறகும் அக்குளில் அதே வாடை. நாற்றம் பிறக்கும் இடம் வேறாக இருக்க, வைத்தியம் வேறோர் இடத்துக்கு நடக்கிறது.

வியர்வைக்கு ஏறக்குறைய மணமே கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள ஒருவகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த வியர்வையை விடுகின்றன. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது கிளம்பும் அமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும்தான் கற்றாழை நாற்றம் என்கிறோம். இந்தச் சுரப்பிகள் பருவமடையும் வயதில்தான் வேலையைத் தொடங்கும். ஆறாம் வகுப்பு வரை எந்த வாடையும் இல்லாத பிள்ளையிடம் ஒன்பதாம் வகுப்பில் நாற்றம் வருகிறதென்றால் காரணம் வயதுதான், மலச்சிக்கல் அல்ல. அந்தப் பிள்ளைக்குப் பேதிக்குக் கொடுப்பது அநியாயம்.

குடலில் தங்கும் கழிவு இரத்தத்தில் ஏறி உடம்பையே கெடுக்கும் என்று நம்பியவர்கள் நாம் மட்டும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கலைத் தீர்க்கப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். மருத்துவ உலகம் அந்தக் கொள்கையைப் பிறகு கைவிட்டது. கழிவைப் பிரித்து வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அடிக்கடி பேதி மருந்து எடுத்தால் உடம்பு இழப்பது நீரையும் உப்புகளையும். முதியவர்களுக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

செய்ய வேண்டியது எளிது. குளிக்கும்போது அக்குளில் சோப்பு போட்டுத் தேய்த்து, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு சட்டை போடுங்கள். பாலியெஸ்டர் துணி பருத்தியைவிட நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வியர்வையைக் குறைக்கும் அலுமினிய உப்பு கலந்த பூச்சுகளை இரவில் காய்ந்த தோலில் பூசினால்தான் நன்றாக வேலை செய்யும். காலையில் வியர்த்த பிறகு பூசிவிட்டு, பலன் இல்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். முடிதிருத்தும் கடையில் பார்க்கும் படிகாரமும் ஓர் அலுமினிய உப்புதான். எலுமிச்சையையும் சமையல் சோடாவையும் அக்குளில் தேய்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், தோல் புண்ணாகும். பழைய வியர்வையின் மேல் வாசனைத் திரவியம் அடிப்பதால் பாக்டீரியா போய்விடாது.

அப்படியானால் உணவுக்கும் செரிமானத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. பூண்டு செரிக்கும்போது உருவாகும் ஒரு கந்தகச் சேர்மம் இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. பல் துலக்கிய பிறகும் வாடை போகாததற்கு இதுவே காரணம். ஆனால் பிராக் நகரத்து ஆய்வாளர்கள் பூண்டு சாப்பிட்ட ஆண்களின் அக்குள் மணத்தைப் பெண்களை முகர வைத்துப் பார்த்தபோது, பூண்டு சாப்பிடாதபோது இருந்ததைவிட இனிமையாக இருப்பதாகவே அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆகவே நாற்றத்துக்குப் பயந்து பூண்டை ஒதுக்க அவசரப்பட வேண்டாம். வெந்தயம் அதிகம் சாப்பிட்டால் வியர்வையிலும் சிறுநீரிலும் சர்க்கரைப் பாகு போன்ற மணம் வரும். அது நோயல்ல.

உண்மையிலேயே குடலில் தொடங்கும் நாற்றம் ஒன்று உண்டு. அதை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. முட்டை மஞ்சள் கரு, ஈரல், சோயா போன்றவற்றில் கோலின் என்ற சத்து இருக்கிறது. குடல் பாக்டீரியாக்கள் அதிலிருந்து டிரைமெத்தில் அமீன் என்ற, அழுகிய மீன் வாடையுள்ள பொருளை உண்டாக்குகின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மணமற்றதாக மாற்றிவிடுகிறது. மரபணுக் குறையால் அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அது வியர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றிலும் வெளிவரும். டிரைமெத்தில் அமினூரியா எனப்படும் இந்த அரிய நோய் உள்ள பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி வாடை கூடலாம். இவர்களிடம் "குளிப்பதே இல்லையா?" என்று கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை, மற்றவர்களைவிட அதிகம் குளிப்பவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் நோயைக் கண்டுபிடிக்கலாம். கடல் மீன், இறால், நண்டு, முட்டை ஆகியவற்றைக் குறைப்பதும், சற்றே அமிலத்தன்மை உள்ள சோப்பைப் பயன்படுத்துவதும் உதவும். கோலின் உடம்புக்குத் தேவையான சத்து என்பதால், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும், மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. ஜிம்முக்குப் போகிறவர்கள் கார்னிடைன் மாத்திரை தொடங்கிய பிறகு மீன் வாடை வந்தால் முதலில் அந்த மாத்திரையைச் சந்தேகியுங்கள்.

வாய் நாற்றத்துக்கும் வயிற்றைக் குற்றம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது நாக்கின் பின்பகுதியில் படியும் படலத்திலிருந்தும் ஈறு நோயிலிருந்தும் வருகிறது. பார்க்க வேண்டியது பல் மருத்துவரை.

எடை குறைக்கப் பட்டினி கிடப்பவர்கள், மாவுச்சத்தை அடியோடு நிறுத்தியவர்கள் மூச்சில் நகப்பூச்சு நீக்கி போன்ற வாடை வரலாம். கொழுப்பு எரியும்போது உண்டாகும் அசிட்டோன் அது. சர்க்கரை நோயாளியிடம் இந்த வாடையோடு வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் தெரிந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மஞ்சள் காமாலை ஆகியவைதான் செரிமான உறுப்புகளைப் பரிசோதிக்கச் சொல்லும் அறிகுறிகள். இரவில் உடை நனைய வியர்த்து, காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். சிறு குழந்தையின் ஒரு மூக்குத் துளையிலிருந்து மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே பட்டாணியோ மணியோ சிக்கியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் சிலர், தங்களிடமிருந்து நாற்றம் வருவதாக உறுதியாக நம்பி, பஸ்ஸில் யாராவது மூக்கைத் தொட்டாலே கூனிக் குறுகி, வேலைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். நம்பிக்கையான ஒருவரிடம், உண்மையைச் சொல்லும்படி நேராகக் கேளுங்கள். அவரும் மருத்துவரும் வாடை இல்லை என்று சொன்ன பிறகும் எண்ணம் விடாமல் வாட்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த வேதனைக்குச் சிகிச்சை இருக்கிறது.