மேற்கோள் எண்கள் பிசகியபோது

முதுநிலை ஆய்வேட்டிலிருந்து பிரித்தெழுதிய கட்டுரையொன்றை மருத்துவ இதழுக்கு அனுப்பியிருந்தேன். மேற்கோள்கள் வான்கூவர் முறையில் இல்லை என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது. 1978இல் வான்கூவரில் கூடிய இதழாசிரியர்களிடமிருந்து தொடங்கிய அந்த முறையில், சான்றுகள் அகரவரிசையில் அல்லாமல் உரையில் முதன்முதலாக வரும் வரிசையில் எண் பெற வேண்டும். நானோ எண்களைக் கையால் தட்டச்சு செய்திருந்தேன், இடையில் ஒரு சான்றைச் செருகியதும் 9க்குப் பிந்தியவை எல்லாம் ஒன்று பிசகிவிட்டன.

34 சான்றுகளையும், மேற்கோள்களைத் தொகுத்துத் தானே எண்ணிடும் சோடெரோ மென்பொருளில், மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் எண்ணைக் கொண்டு சேர்த்து, வேர்டு கோப்பில் மீண்டும் செருகினேன். உரை சீரானது, அட்டவணைதான் இடறியது. அட்டவணையில் மட்டும் வரும் சான்று, அந்த அட்டவணையை உரை முதலில் சுட்டும் இடத்துக்குரிய எண்ணைப் பெற வேண்டும். என் அட்டவணை கோப்பின் இறுதியில் இருந்ததால் அச்சான்றுகள் 33, 34 ஆகிவிட்டன. எனவே அட்டவணையை உரிய பத்தியின் கீழ் நகர்த்தி, எண்களைப் புதுப்பித்து, கோப்பின் நகலொன்றில் மேற்கோள் இணைப்புகளைத் துண்டித்த பிறகே மீண்டும் இறுதிக்குக் கொண்டுபோனேன். மூலக்கோப்பில் துண்டித்துவிட்டால் எண்கள் வெற்று எழுத்தாகிவிடும், பிறகு மென்பொருளால் அவற்றைப் புதுப்பிக்க முடியாது.

பெயர்களை மட்டும் எந்த மென்பொருளையும் நம்பாமல் கண்ணால் பார்த்தேன்: தமிழ் ஆசிரியர் ஒருவரின் தந்தை பெயரின் தலைப்பெழுத்து குடும்பப்பெயராகப் பதிவாகி, அவருடைய சொந்தப் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கியிருந்தது.